சத்தமில்லாத யுத்தம்

ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தோடு தொடங்கிவிடுவதே நேர்மை. யுத்த வரலாற்று ஆவணப்படங்கள் என்றால் எங்களுக்குக் கொள்ளை ஆசை. நண்பர்கள் கூடும் இடங்களில் பிடித்த திரைப்படம் எது என்று பேச்சு வந்தால் சத்யஜித் ரேயையும் தார்க்கோவ்ஸ்கியையும் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிய கையோடு எந்த அலைவரிசையில் ஸ்டாலின்கிராட் ஓடுகிறது என்று தேடுகிறவர்கள் நாங்கள். அண்ணன் தம்பிகள் மூவர். கோழி அறுப்பதைக்கூட நின்று பார்க்கத் துணிவில்லாதவர்கள். தெருவில் இருவர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் எதிர்ச்சாரிக்கு மாறி நடப்பவர்கள். ஆனால் டைகர் டாங்கியின் முன்தகடு 100 மில்லிமீட்டர் கனம் என்பதை நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

டிஸ்கவரி 1995இல் இந்தியாவுக்கு வந்தது. எங்கள் வீட்டுக்குக் கேபிள் இணைப்பு வந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். அதுவரை உலக யுத்தம் என்பது எங்களுக்குப் பள்ளிப் பாடத்தின் இரண்டு தலைப்புகள் மட்டுமே: காரணங்கள், விளைவுகள். இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத் தொலைக்காட்சிதான் காட்டியது. இரவு பத்து மணிக்கு மேல் நெடுந்தொடர்கள் ஓய்ந்து கூடம் எங்கள் வசம் வரும். விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் பாய் விரித்துக்கொள்வோம். அந்த நீல வெளிச்சத்தில் எத்தனை நகரங்கள் வீழ்ந்தன, எத்தனை கப்பல்கள் மூழ்கின என்பதற்குக் கணக்கில்லை.

அதில் அப்படி என்ன இன்பம் என்று எங்களையே பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறோம். முதல் இன்பம் வரைபடம். கறுப்பு அம்புக்குறி ஒன்று போலந்துக்குள் நுழைகிறது. டான் நதிக்கரையில் கலாச் என்னும் ஊருக்கருகே ஒரு சிவப்பு அம்புக்குறி வளைந்து வந்து இன்னொரு சிவப்பு அம்புக்குறியைத் தொடுகிறது, வட்டம் மூடிக்கொள்கிறது, ஒரு சேனை முழுவதும் உள்ளே அகப்பட்டுக்கொண்டது என்று குரல் சொல்கிறது. வாழ்க்கையில் எதுவும் எங்களுக்கு இத்தனை தெளிவாக விளங்கியதில்லை. எங்கள் குடும்பத்துக் காணித் தகராறில் யார் எந்தப் பக்கம் என்பதே இருபது ஆண்டுகளாகியும் புரிபடவில்லை. இரண்டாவது இன்பம், முடிவு தெரிந்திருப்பது. பாரதக் கூத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பவர்களில் கர்ணன் பிழைக்கமாட்டான் என்பதை அறியாதவர் எவரும் இல்லை. தெரிந்தும் காத்திருக்கிறார்கள். முடிவு தெரிந்த கதையில்தான் நடுவழியைக் கவனிக்க முடிகிறது. மூன்றாவது இன்பம் முகங்கள். எண்பது வயதுக் கிழவர்கள் நாற்காலியில் அமர்ந்து, இருபது வயதில் தாம் செய்ததைச் சொல்வார்கள். சொல்லும்போது அவர்களுடைய கைகள் மட்டும் தனியே எதையோ தேடிக்கொண்டிருக்கும்.

எங்களுக்கு எல்லாவற்றிலும் உச்சமாகத் தோன்றியது 'தி வேர்ல்ட் அட் வார்'. பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி 1973 அக்டோபரில் தொடங்கி 1974 மே மாதம் வரை ஒளிபரப்பிய 26 பகுதிகள். தயாரித்தவர் ஜெரமி ஐசக்ஸ். குரல் லாரன்ஸ் ஒலிவியருடையது. இசை கார்ல் டேவிஸ். தொடக்கத்தில் தீ நாவுகளுக்கு நடுவே ஒரு முகம் கரைந்துபோகும். முதல் பகுதியின் முதல் காட்சியில் சண்டையே கிடையாது. பிரான்சு தேசத்தின் ஒராதூர் என்னும் கிராமம், கூரையற்ற வீடுகள், ஆளரவமற்ற தெரு. 1944 ஜூன் 10 அன்று ஜெர்மானியப் படையினர் அங்கே 640க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். ஊரை இடிபாடுகளோடு அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். தளபதிகளோடு நில்லாமல், சமையற்கட்டில் குண்டுச் சத்தம் கேட்ட பெண்களையும், கப்பல் மூழ்கும்போது நீந்திய மாலுமிகளையும், இட்லரின் காரியதரிசியாக இருந்த த்ரௌடல் யுங்கேயையும் கேமராவின் முன் உட்காரவைத்தார்கள். யுத்தம் முடிந்து முப்பது ஆண்டுகள் நிறையாத காலம். அனுபவித்தவர்கள் உயிரோடிருந்தார்கள், பேசவும் துணிந்திருந்தார்கள். அப்படியொரு பொழுது திரும்ப வாய்க்கப் போவதில்லை.

பிற்காலத்தில் இத்தகைய படங்களுக்குத் தமிழ்க் குரல் சேர்த்தார்கள். அதில் ஒரு விநோத சுகம் உண்டு. ஜெர்மானியக் கிழவர் வாயைத் திறந்ததும் முதல் இரண்டு விநாடி அவருடைய சொந்தக் குரல் ஜெர்மன் மொழியில் கேட்கும். பிறகு அது தாழ்ந்து, மேலே ஒரு சென்னைக் குரல் ஏறி, 'அன்று கடுமையான பனிப்பொழிவு நிலவியது' என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்லும். நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்த இரண்டு விநாடிகளைத் தவிர அந்த மனிதரிடமிருந்து எங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

*

அம்மா எங்களோடு உட்கார்ந்து பார்ப்பவர் அல்லர். ஆனால் கூடத்து மூலையில் மறுநாளைக்கு அவரைக்காய்க்கு நார் உரிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது என்று ஏதோவொரு வேலையோடு இருப்பார். ஒருநாள் கிழக்குப் போர்முனை ஓடிக்கொண்டிருந்தது. 1941 ஜூனில் 30 லட்சம் ஜெர்மானிய வீரர்கள் சோவியத் எல்லையைக் கடக்கிறார்கள். குரல் அந்த எண்ணிக்கையை ஒரு கம்பீரத்தோடு உச்சரித்தது. அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "ஏம்ப்பா, அத்தன பேருக்கும் யாரு சோறு பொங்கிப் போட்டது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டாங்கித் தகட்டின் கனம் அறிந்த எங்களுக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. படத்திலும் விடை வரவில்லை.

தேடிப் படித்த பிறகுதான் அந்தக் கேள்வியின் ஆழம் தெரிந்தது. ஜெர்மானியப் படைகளுக்குச் சக்கரம் வைத்த அடுப்பு வண்டிகள் இருந்தன. புகைபோக்கி பீரங்கிக் குழாயைப்போல் நீண்டிருக்குமாதலால் சிப்பாய்கள் அதற்கு 'குலாஷ் பீரங்கி' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அந்த வண்டிகளையும் பீரங்கிகளையும் இழுத்துச் சென்றவை பெரும்பாலும் குதிரைகள். டாங்கிகளின் யுத்தம் என்று நாங்கள் நம்பியிருந்த அந்தப் படையெடுப்பில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் சென்றன. கேமராக்காரர்களுக்கு டாங்கிதான் பிடித்தது; குதிரை வண்டியைக் காட்டினால் நவீன சேனை என்ற பிம்பம் என்னாவது? ஆகவே ஒவ்வொரு படத்திலும் டாங்கிகள் புழுதி கிளப்பிப் போகின்றன. பின்னால் கொள்ளும் வைக்கோலும் தேடி நடந்த லட்சக்கணக்கான வாயில்லாப் பிராணிகள் ஒரு மூலையில் ஓரிரு விநாடி தென்பட்டு மறைகின்றன.

ஸ்டாலின்கிராட்டையும் அம்மாவின் கேள்வியோடு மறுபடி பார்த்தோம். 1942 நவம்பர் 23 அன்று வட்டம் மூடிக்கொண்டபோது உள்ளே இரண்டரை லட்சத்துக்குக் குறையாதவர்கள் இருந்தார்கள். விமானத்தில் உணவும் வெடிமருந்தும் இறக்கிக் காப்பாற்றிவிடலாம் என்று கோரிங் உறுதி கூறினார். நாளொன்றுக்குக் குறைந்தது 500 டன் தேவை என்று கேட்டது சேனை. சராசரியாக இறங்கியதோ 100 டன்னைச் சற்றே தாண்டியது. 1943 பிப்ரவரி 2 அன்று எல்லாம் முடிந்தது. பிடிபட்ட சுமார் 91,000 பேரில் பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவர்கள் 6,000 பேர் அளவில்தான். அம்புக்குறிகள் தீர்மானித்த யுத்தம் என்று நாங்கள் எண்ணியிருந்ததை ரொட்டியின் கணக்கு தீர்மானித்திருந்தது.

நம் பரணிக்காரர்கள் இதை அறிந்திருந்தார்கள் என்று பிறகு தோன்றியது. கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்ததோடு காவியம் முடிவதில்லை. பேய்கள் களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்துக் காளிக்குப் படைத்துத் தாமும் உண்டால்தான் நிறைவு. பள்ளியில் அதை வெறும் அருவருப்பாகக் கடந்திருந்தோம். யுத்தத்தைப் பாட வந்த செயங்கொண்டார் அதன் நடுவே ஒரு சமையற்கட்டை வைத்தார் என்பது அம்மா கேட்ட பிறகே எங்கள் கண்ணில் பட்டது.

*

2012ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கூடத்திலேயே கட்டில் போட்டோம். மாத்திரையின் மயக்கத்தில் உறங்குவார். சிறு ஓசை கேட்டாலும் விழித்துக்கொள்வார். இரவில் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டியிருந்தது. பொழுது போகத் தொலைக்காட்சியை வைப்போம், ஒலியை முற்றாக அணைத்துவிட்டு.

அப்படித்தான் சோம் யுத்தத்தைப் பார்த்தோம். 1916 ஜூலை 1. காலை 7.30க்குத் தாக்குதல். அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக ஹாதார்ன் மேட்டின் அடியில் சுரங்கம் தோண்டி வைத்திருந்த ஏறத்தாழ 18 டன் வெடிமருந்தை வெடிக்கவைத்தார்கள். ஜெஃப்ரி மாலின்ஸ் என்ற படப்பிடிப்பாளர் அதைத் தம் கேமராவில் பிடித்தார். சோம் யுத்தம் பற்றிய படம் எதுவும் அந்தக் காட்சியை விடுவதில்லை. நாங்களும் குறைந்தது இருபது முறை பார்த்திருப்போம். நிலம் பெருமூச்சு விட்டதுபோல் உப்பி, மண் தூணாக எழுந்து, மெல்லக் கலைந்து விழும். இத்தனை காலமும் அதோடு ஓர் இடி முழக்கம் எங்கள் நெஞ்சை அதிரவைத்திருந்தது. அன்று எந்த ஓசையும் இல்லை. மூலையில் அம்மாவின் மூச்சு மட்டும் கேட்டது.

அப்போதுதான் உணர்ந்தோம்: மாலின்ஸ் எடுத்ததே இதைத்தான். அந்தக் கேமராவுக்குக் காது கிடையாது. இரண்டாம் உலக யுத்தத்திலும் போர்முனையில் எடுத்த படச்சுருள்களில் மிகப் பெரும்பாலானவை ஓசையற்றவைதாம். குண்டின் சீறலும், பூட்ஸ் கால்களின் தாளமும், டாங்கிச் சங்கிலியின் அரைவும் பிற்பாடு ஏதோவொரு ஒலிக்கூடத்தில் அமர்ந்து சேர்த்தவை. எங்கள் ரோமத்தைச் சிலிர்க்கவைத்ததில் பாதி யுத்தத்திலிருந்து வந்ததே அல்ல.

ஒலி இல்லாதபோது கண் கூர்மையாகிவிடுகிறது. மாலின்சும் மெக்டவலும் எடுத்த அந்தப் படம் 1916 ஆகஸ்டிலேயே பிரிட்டனில் திரைக்கு வந்தது. ஆறு வாரங்களில் சுமார் 2 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் சிப்பாய்கள் பதுங்கு குழியிலிருந்து ஏறி வெளியே பாயும் காட்சி உலகப் புகழ் பெற்றது. ஒருவன் ஏறும்போதே சரிந்து வழுகி விழுவான். முன்பெல்லாம் அந்த இடத்தில் எங்களுக்குத் தொண்டை அடைக்கும். குரலும் இசையும் இல்லாமல் பார்த்த அன்று, இதை எடுத்தவர் எங்கே நின்றிருக்க முடியும் என்ற எளிய கேள்வி எழுந்தது. தேடிப் பார்த்தால், அது போர்முனைக்குப் பின்னால் ஒரு பயிற்சிக் களத்தில் நடித்து எடுத்தது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் முன்பே நிறுவியிருக்கிறார்கள். கலாச் அருகே சிவப்புச் சேனைகள் இரண்டும் ஓடிவந்து தழுவிக்கொள்ளும் காட்சியும் அப்படியே; உண்மையான சந்திப்பு முடிந்த பிறகு செய்திப்படத்துக்காக மீண்டும் ஓடிவந்து தழுவிக்கொண்டார்கள். எங்கள் அம்புக்குறிகள் தொட்டுக்கொண்ட அதே இடம்.

ஆயினும் அந்தச் சோம் படத்தை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தாக்குதலுக்கு முன் குழியில் காத்திருந்தவர்களின் முகங்கள் அதில் உண்டு. சிலர் கேமராவைப் பார்த்து வெட்கத்தோடு சிரிக்கிறார்கள். அந்த ஒருநாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் இறந்தார்கள். அவர்கள் அன்றைக்கு என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஒலியோடு பார்த்தாலும் நமக்குத் தெரியாது. பிற்காலத்தில் பீட்டர் ஜாக்சன் 2018இல் வெளியான தம் படத்துக்காக, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை அமர்த்தி, இத்தகைய ஊமைச் சுருள்களிலிருந்து சொற்களை மீட்க முயன்றார். அதற்கும் உதடுகள் கேமராவில் விழுந்திருக்க வேண்டும்.

*

அதே மழைக்காலத்தில் இன்னோர் இரவு. ஒலியின்றி ஓடிக்கொண்டிருந்தது சயாம்–பர்மா ரயில் பாதையைப் பற்றிய படம். மூங்கில் காடு, மலையைக் குடைந்த பாறைவெட்டு, எலும்புக்கூடுகளாக நின்ற வெள்ளைக்காரக் கைதிகள், அவர்கள் ஒளித்துவைத்து வரைந்த கோட்டோவியங்கள். அம்மா விழித்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

"இது எந்த ஊரு ரயிலு?"

"சயாம்மா. ஜப்பான்காரன் போட்டது."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சத்தத்த வை" என்றார்.

அம்மாவின் தாய்மாமன் ஒருவர் இளவயதில் மலாயாவுக்குப் பால்மரம் வெட்டப் போனவர். எங்களுள் மூத்தவனுக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 'மலாயா மாமா பேரு' என்று சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். மாதாமாதம் வந்துகொண்டிருந்த மணியார்டர் ஒருநாள் நின்றுபோனது, பிறகு கடிதமும் நின்றது என்பதையும் கேட்டிருக்கிறோம். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், 'சயாமுக்குப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க' என்று சொன்னாராம். அவ்வளவுதான் செய்தி. குடும்பக் கதைகளின் வரிசையில் அது ஓர் ஓரத்தில் கிடந்தது. எண்ணிக்கையும் தேதியுமாக உலக யுத்தத்தைக் கரைத்துக் குடித்த நாங்கள், வீட்டுக்குள்ளேயே அழைத்துக்கொண்டிருந்த அந்தப் பெயரை யுத்தத்தோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

ஒலியைக் கூட்டினோம். பர்மாவிலிருந்த தன் படைகளுக்குக் கடல்வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால் ஜப்பான் இந்தப் பாதையைப் போட்டது, தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள் என்று தமிழ்க் குரல் சொல்லிக்கொண்டே வந்தது. 60,000க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் உழைத்தார்கள், 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்றது. கைதிகளுக்கு மருத்துவம் பார்த்த ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப்பைப் பற்றிச் சொன்னது. அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ அரைமணி நேரத்துக்குப் பின் ஒரே ஒரு வாக்கியம் வந்தது: ஆசியத் தொழிலாளர்களும் பெருமளவில் இறந்தார்கள், அவர்களுடைய எண்ணிக்கை துல்லியமாகத் தெரியவில்லை. வாக்கியம் முடிவதற்குள் படம் மறுபடி கைதிகளிடம் போய்விட்டது.

"நம்மாளுங்க எங்கப்பா?" என்றார் அம்மா.

'அதான் சொன்னாங்களேம்மா' என்று எங்களில் ஒருவன் முனகினான். அந்தப் பதிலின் வெட்கம் எங்களுக்கு இன்னும் தீரவில்லை.

*

அந்தப் படத்தை எடுத்தவர்களைக் குறைகூற முடியாது. அவர்களிடம் இருந்ததைத்தான் காட்ட முடியும். கைதிகளின் முகாம்களில் அதிகாரிகள் இருந்தார்கள், பேரேடுகளும் இருந்தன, உயிரைப் பணயம் வைத்து நாட்குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள், ஜாக் சாக்கரும் ரொனால்டு சேர்லும் ஒளித்துவைத்து வரைந்தார்கள். யுத்தம் முடிந்ததும் பாதை நெடுகக் கல்லறைகளைத் தேடிப் போக ஆட்கள் வந்தார்கள். காஞ்சனபுரியின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் வரிசையாக உறங்குகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து லாரியிலும் ரயிலிலும் ஏற்றிச்சென்ற தமிழர்களும், பர்மியரும், மலாய்க்காரரும், ஜாவாக்காரரும் இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். இறந்தவர்கள் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு, மதிப்பீடுதான், கணக்கல்ல. காலரா கண்ட முகாமில் அவர்களுக்கு மருத்துவர் இல்லை. எழுதிவைக்க அதிகாரியும் இல்லை. எழுதத் தெரிந்தவர்களும் குறைவு. பிறகு டேவிட் லீன் 1957இல் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' உலகத்துக்கே அந்தப் பாலத்தை அறிமுகம் செய்தது. அது படமாக்கப்பட்டது சிலோனின் கித்துல்கலவில். அதன் கதையிலும் நம் தொழிலாளிக்கு இடமில்லை.

இலக்கியம் ஓரளவு ஈடுசெய்திருக்கிறது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய மலேசிய நாவல்களை அந்த இரவுக்குப் பிறகே தேடிப் படித்தோம். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை அதற்கு வெகுகாலம் முன்பே வாசித்துப் பேசித் தீர்த்திருந்தோம். அதை வாசித்தபோதும் மலாயா மாமாவின் ஞாபகம் வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அம்மா காலமான பின் நண்பர் ஒருவர் ஒரு வட்டைக் கொடுத்தார். ஃபிலிப் ஷெஃப்னர் 2007இல் எடுத்த 'தி ஹாஃப்மூன் ஃபைல்ஸ்'. முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி பிடித்த இந்தியச் சிப்பாய்கள் பெர்லினுக்கு அருகே வுன்ஸ்டார்ஃப் முகாமில் அடைபட்டிருந்தார்கள். மொழியாராய்ச்சிக்காக அறிஞர்கள் அங்கே வந்து கைதிகளை ஒலிப்பெட்டியின் புனல் முன் பேசச்சொல்லித் தட்டுகளில் பதிந்துகொண்டார்கள். 1916 டிசம்பர் 11 அன்று மால் சிங் என்ற பஞ்சாபிச் சிப்பாய் பேசியது ஒன்றரை நிமிடம்கூட இராது. ஒரு மனிதன் இருந்தான் என்று, யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்வதுபோல் தொடங்குகிறார். அவன் தன் ஊரில் வெண்ணெய் உண்டு வாழ்ந்தான், இந்த ஐரோப்பிய யுத்தத்துக்கு வந்து ஜெர்மானியரிடம் அகப்பட்டான், ஊர் போய்ச் சேர்ந்து மறுபடி வெண்ணெய் உண்ண விரும்புகிறான் என்கிறார். இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இங்கேயே கிடந்தால் செத்துப்போவான் என்றும் சொல்கிறார். படத்தில் பல இடங்களில் திரை இருண்டே கிடக்கிறது. குரல் மட்டும் கேட்கிறது. மேலே ஏறி அமர்த்த இன்னொரு குரல் இல்லை. அங்கேயும் உணவுதான் முன்னால் வந்து நிற்கிறது என்பதை நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் கவனித்தோம். அம்மா இருந்திருந்தால் அந்த மனிதருடைய பேச்சு முழுவதும் அவருக்கு விளங்கியிருக்கும்.

சோம் படத்தில் முகம் இருக்கிறது, குரல் இல்லை. மால் சிங்குக்குக் குரல் இருக்கிறது, முகம் இல்லை. மலாயா மாமாவுக்கு இரண்டும் இல்லை. ஒரு பெயர் மட்டும் எங்கள் வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது. மின்கட்டணம் கட்டுகிறது, மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிறது.

*

திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு, ஏழாம் நூற்றாண்டினது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் இறந்துபட்டதைச் சொல்லும் அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயரையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். யுத்த ஆவணம் என்பதற்கு நாங்கள் அறிந்த மிகச் சிறந்த எடுத்துக்காட்டு இதுதான். அம்புக்குறி கிடையாது, பின்னணி இசை கிடையாது. யார் இறந்தார், யார் கூட இருந்தது என்பது மட்டும். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய்க்குக் கிடைத்த நான்கெழுத்து, 1943இல் காட்டுக்குள் மாண்ட அத்தனை பேருக்கும் கிடைக்கவில்லை.

2023 மே மாதத்தில் காஞ்சனபுரியின் பௌத்த விகாரை ஒன்றின் வளாகத்தில், ரயில் பாதையில் மடிந்த தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டினார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து. செய்தியை எங்களுள் மூத்தவன்தான் முதலில் பார்த்தான். மற்ற இருவரையும் தொலைபேசியில் அழைத்துப் படித்துக்காட்டினான். படித்து முடித்தபின் மூவரும் சற்று நேரம் இணைப்பைத் துண்டிக்காமல் பேசாதிருந்தோம்.

இன்னமும் யுத்த ஆவணப்படங்கள் பார்க்கிறோம். ஆசை குறைந்துவிட்டது என்று சொன்னால் பொய். வரைபடத்தில் அம்பு நகர்ந்தால் இன்றைக்கும் முதுகு நிமிர்கிறது. ஒலிவியரின் குரல் கேட்டால் இன்றைக்கும் வேலை ஓடாது. ஆனால் எந்தப் படமாயினும் நடுவில் ஒரு பத்து நிமிடம் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அப்போது கண் தானாகச் சட்டத்தின் ஓரங்களுக்குப் போகும். டாங்கிக்குப் பின்னால் வரும் குதிரை, தளபதிக்குப் பின்னால் பாத்திரம் சுமந்து நடப்பவன், பாதையோரம் மண்வெட்டியோடு ஒதுங்கி நிற்பவன். அவர்களில் எவரும் கேமராவைப் பார்ப்பதில்லை. கேமராவும் அவர்களைப் பார்க்கவில்லை. தற்செயலாக உள்ளே விழுந்திருக்கிறார்கள்.

அந்த நேரங்களில் எங்களில் யாராவது ஒருவன் அம்மாவின் கேள்வியை எடுப்பான். அத்தனை பேருக்கும் யார் பொங்கிப் போட்டது? பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. படத்தை நிறுத்தாமல் தேடிக்கொண்டிருக்கிறோம்.